இம்பாலாதானே என்று வண்டியைக் கிளப்பாதீர்கள்

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறேன். மே மாதம், காலை நேரம். ரோட்டோரம் நிற்பது இம்பாலா மான் கூட்டம். இங்கே வருகிறவர்கள் முதல் இம்பாலாவை ஐம்பது போட்டோ எடுப்பார்கள். அரை மணி நேரம் போனால் "இம்பாலாதானே, விடு" என்று போய்விடுவார்கள். சிங்கம் வேண்டுமாம். அது பகல் முழுக்கத் தூங்கும், போய்ப் பாருங்கள்.

இந்த உறுமல் கேட்கிறதா? சிங்கம் இல்லை, அந்தக் கடாதான். கொம்பு கடாவுக்கு மட்டும்தான், பெட்டைக்குக் கிடையாது. ஏப்ரல், மே வந்தால் இதுகளுக்குப் பித்துப் பிடித்துவிடும். ஓர் இடத்தை வளைத்துப்போட்டு, உள்ளே வந்த பெட்டைகளைப் போகவிடாமல் மறிக்கும். எட்டிப் பார்க்கிற கடாவைத் துரத்தும். மேய்வதற்கு ஏது நேரம்? விலாவைப் பாருங்கள், எலும்பு தெரிகிறது. இது ஓய்ந்ததும் வேறொரு கடா இடத்தைப் பிடித்துவிடும். அப்புறம் கடாக்கள் மட்டும் திரிகிற கூட்டத்தோடு சேர்ந்து உடம்பைத் தேற்ற வேண்டியதுதான்.

ஜூம் பண்ணுகிறேன், இந்த இரண்டு பெட்டைகளைப் பாருங்கள். ஒன்று மற்றதன் கழுத்தைப் பல்லால் சீவுகிறது. கீழ் முன்பற்கள் சீப்பு மாதிரி, உண்ணி அதில் சிக்கிவிடும். சில தடவை சீவிவிட்டு நிறுத்துகிறது... ஆ, இப்போது அது இதற்குச் சீவுகிறது! தன் வாய்க்கு எட்டாத தலையையும் கழுத்தையும் இப்படி மாறி மாறிப் பார்த்துக்கொள்கின்றன. சொந்தக்காரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம்ம கடாவுக்கு இதற்கும் நேரமில்லை. அதனால் அதன் மேல் உண்ணி பலமடங்கு அதிகம்.

சிறுத்தை பார்க்க ஆசை என்றாலும் இம்பாலாவையே கவனியுங்கள். மூக்கால் சீறிக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் வெறித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பக்கத்தில் வந்துவிட்டால் நாலாபுறமும் சிதறிப் பாயும். மூன்று மீட்டர் உயரம், பத்து மீட்டர் நீளம் வரை தாண்டும்.

குட்டிகள் நவம்பர், டிசம்பர் மழையில்தான். சில வாரத்துக்குள் மொத்தமாகப் பிறப்பதால், வேட்டை விலங்குகள் தின்றது போகவும் நிறையத் தப்பிவிடும். மழை தாமதமானால் தாய் பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் என்று ஒரு கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். சினைக்காலம் ஏறக்குறைய ஆறரை மாதம். குட்டி எப்போது வரும் என்பது இந்த மே மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. குட்டி பார்க்க வருகிறவர்கள் டிசம்பருக்கு டிக்கெட் போடுங்கள். தொப்பி முக்கியம், வெயில் மண்டையைப் பிளக்கும்.