விந்தணுவா, முட்டையா? ஒரு புழுவின் முடிவு
(கோட்டூர்புரத்தில் நடந்த அறிவியல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, இந்த மழையிலும் ஒரு மில்லிமீட்டர் புழுவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள், நன்றி. சி. எலிகன்ஸ் என்று பெயர். அழுகிய பழத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழும். கோயம்பேட்டில் கழித்துப்போட்ட பழக் குவியலைக் கிளறினால் இதன் பங்காளிகள் யாராவது அகப்படலாம்.

இவற்றில் பெரும்பாலானவை இருபாலிகள். உடல் பெண்ணுடையதுதான். ஆனால் இளம்புழுப் பருவத்தின் கடைசியில் தன் முட்டைகளைத் தானே கருவுறச் செய்ய சுமார் 300 விந்தணுக்களைச் செய்து சேமித்துக்கொள்ளும். அப்புறம் அதை அடியோடு நிறுத்திவிட்டு முட்டைக்கு மாறிவிடும். டி.என்.ஏ. மாறவில்லை. பிறகு யார் சொல்லி மாறுகிறது?

விந்தணு வேண்டும் என்று சொல்வது ஃபெம்-3 மரபணுவின் வேலை. முட்டைக்கு மாறும் வேளையில், அதிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் இழை, இருந்தும் புரதம் உருவாகாமல் தடுக்கப்படுகிறது. கோட்டையில் கையெழுத்தான ஃபைல் மேஜையை விட்டு நகராத கதைதான். பிடித்து வைத்திருப்பது எஃப்.பி.எஃப். என்னும் புரதம். 1997இல் அமெரிக்காவின் மேடிசனில் ஜூடித் கிம்பிள், மார்வின் விக்கன்ஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள்.

அது பிடிக்கும் இடம்தான் எனக்குப் பிடித்த இடம். புரதத்துக்கான செய்தி முடிந்த பிறகும் ஆர்.என்.ஏ. இழை கொஞ்சம் நீளும். அந்த வாலில் ஐந்தே எழுத்துள்ள (ஆர்.என்.ஏ.வின் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) ஒரு பகுதி. அதில் ஓர் எழுத்து மாறினாலே எஃப்.பி.எஃப்.பின் பிடி தளர்ந்துவிடும். புழு விந்தணுவை மட்டுமே செய்துகொண்டிருக்கும், முட்டைக்கு மாறவே மாறாது. இத்தனைக்கும் ஃபெம்-3 புரதத்தின் அமைப்பில் துளி மாற்றம் கிடையாது!

சரி, முதலில் விந்தணு எப்படி வந்தது? அங்கேயும் இதே உத்திதான், ஆள்தான் வேறு. பெண்மைக்கு வழிவிடும் டிரா-2 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. வாலில் ஜி.எல்.டி-1 என்ற புரதம், ஃபாக்-2 என்ற இன்னொரு புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஃபாக்-2 இல்லாத இருபாலிக்கு விந்தணுவே வராது. அது அசல் பெண்ணாகிவிடும், பிள்ளை பெற ஆண் புழுவைத் தேட வேண்டியதுதான்.

இன்னும் கொஞ்ச நாள் விந்தணு செய்தால் பிள்ளைகள் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும். ஜோனதன் ஹாட்ஜ்கினும் தாமஸ் பார்ன்ஸும் 1991இல் அப்படி ஒரு திரிபுப் புழுவை (மரபணு மாறிய புழுவை) சோதித்தார்கள். பிள்ளைகள் அதிகம்தான். ஆனால் முட்டை தொடங்கத் தாமதமானதால் தலைமுறை நீண்டது. சாதாரணப் புழுவோடு போட்டியிட்டபோது அது பின்தங்கிவிட்டது.