சாம்பிள் ரேட்டை ஏற்றினால் பாட்டு நன்றாகக் கேட்குமா?

வணக்கம் நேயர்களே. கம்ப்யூட்டரை ஒரு டிஏசியோடு, அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கருவியோடு இணைத்து வீட்டில் பாட்டு கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிற விஷயம் ஒன்று உண்டு. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்கினார்கள் என்பதுதான் சாம்பிள் ரேட். பாட்டு எந்த சாம்பிள் ரேட்டில் இருக்கிறதோ அதிலேயே, கை வைக்காமல் டிஏசிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒரு கட்சி. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸை 176.4, 352.8 என்று ஏற்றிக் கொடுத்தால்தான் இசை விரிந்து கேட்கும் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிதான், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அவர்கள் காரணம் என்ன? தொடாமல் கேட்டால்தான் அசல் என்பது. அப்படித் தொடாமல் கேட்பது பெரும்பாலான டிஏசிகளில் நடப்பதே கிடையாது. டிஏசிக்குள் இருக்கும் இன்றைய சிப்புகள் அனேகமாக டெல்டா-சிக்மா என்ற வகை, 44.1-ல் பாட்டு உள்ளே வந்ததும் அவையே அதைப் பொதுவாக எட்டு மடங்கு ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கின்றன. சிடியில் 44.1-ல் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலி அடங்கும், டிஏசி அதை ஒலியாக்கும்போது அதற்கு மேலே அதே பாட்டின் பிம்பங்கள், அதாவது வேண்டாத நகல்கள் வந்து நிற்கும், அவற்றை வெட்ட வேண்டும். நம் காது எட்டும் 20-க்கும் அந்த 22.05-க்கும் நடுவே இருப்பதோ சின்ன இடைவெளி, அதற்குள் அனலாக் ஃபில்டரை வைத்துச் சுத்தமாக வெட்டுவது பெரும்பாடு. ரேட்டை ஏற்றிவிட்டால் அந்த வெட்டை டிஜிட்டலிலேயே முடித்துவிடலாம், அப்புறம் சாதுவான ஒரு அனலாக் ஃபில்டர் போதும். 1982-லேயே ஃபிலிப்ஸ் தன் சிடி பிளேயரில் நான்கு மடங்கு ஏற்றித்தான், சிடியில் இருப்பதைவிடக் குறைந்த 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டே நன்றாகப் பாட வைத்தது.

ஆக, கம்ப்யூட்டரில் அப்சாம்ப்ளிங் போடும்போது, அதாவது மென்பொருளிலேயே ரேட்டை ஏற்றும்போது, சிப் செய்கிற வேலையில் ஒரு பகுதியை அதனிடமிருந்து பிடுங்கி நாம் செய்கிறோம், அவ்வளவுதான். புதிதாக ஒலி எதுவும் பிறக்காது. 22 கிலோஹெர்ட்ஸோடு நின்றுபோன பதிவில் 30 எங்கிருந்து வரும்? ஒரு விதிவிலக்கு உண்டு. ஓவர்சாம்ப்ளிங்கே இல்லாத, அதாவது தானாக ரேட்டை ஏற்றாத டிஏசி வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதில் 44.1-ல் கேட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும், பிம்பங்களும் வெளியே வரும். அவர்கள் மென்பொருளில் ஏற்றிக் கேட்டால் நிஜமாகவே வித்தியாசம் இருக்கும்.

மற்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிஏசியின் முகப்பில் ஓடும் எண்ணை. 44.1 பாட்டு ஓடும்போது அங்கே 48 என்று காட்டினால், எல்லா நிரல்களின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் விண்டோஸின் மிக்ஸர் நடுவில் புகுந்து, எல்லாவற்றையும் ஒரே ரேட்டுக்கு மாற்றி அனுப்புகிறது என்று அர்த்தம். இதுவும் அப்சாம்ப்ளிங்தான், நாம் கேட்காமலே நடப்பது, அதுவும் 147-க்கு 160 என்ற கோணல் விகிதத்தில். இதனால் பாட்டு கெட்டுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் பாட்டு போடும் மென்பொருளான பிளேயரில், மிக்ஸரைத் தாண்டி நேராக டிஏசிக்கு அனுப்பும் எக்ஸ்க்ளூசிவ் மோடைப் போட்டாலே இது போய்விடும்போது எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? போட்ட பிறகு 44.1 பாட்டு முடிந்து 96 பாட்டு தொடங்கும்போது எண் தானே மாறும், சில டிஏசிகளில் உள்ளே ரிலே 'டிக்' என்று அடிப்பதும் கேட்கும்.

இரண்டு கட்சியும் கண்டுகொள்ளாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. இப்போதைய பாட்டுகள் பல, வெளியிடுமுன் சத்தத்தை உச்சிவரை தள்ளி மாஸ்டர் செய்யப்பட்டவை. சாம்பிள் புள்ளிகள் எல்லாம் எல்லைக்குள்தான் இருக்கும், ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே அலை எல்லையைத் தாண்டி எழும். ரேட்டை ஏற்றும்போது அந்த நடுப்புள்ளிகளுக்கும் மதிப்பு போட வேண்டும், போட இடமில்லாமல் அலையின் தலை வெட்டுப்படும். கம்ப்யூட்டர் ஏற்றினாலும் சிப் ஏற்றினாலும் இதே கதைதான். பிளேயரில் டிஜிட்டல் வால்யூமை 3 டெசிபல் குறைத்துவிட்டு, ஆம்பிளிஃபையரில் கூட்டிக்கொள்ளுங்கள், பெரும்பாலான பாட்டுகளுக்கு அது போதும்.

அப்சாம்ப்ளிங் போட்டும் எடுத்தும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இரண்டின் சத்தத்தையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்துவிட்டு, மாற்றுகிற வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லிவிடும்.