ஏழு நாள் காத்திருந்த படை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ரோமக் குடியரசைச் சாய்த்துப் பேரரசுக்கு வழிவிட்டது துரோகமா, விசுவாசமா?" இதுதான் நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எதிரணித் தலைவர் துரோகிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். தாய்நகரத்தின் மீதே படை நடத்திய சுல்லா. படையோடு தாண்டக் கூடாத ரூபிகான் ஆற்றைத் தாண்டிய சீசர். தன்னை மன்னித்த அந்தச் சீசர் மீதே கத்தி பாய்ச்சிய புரூட்டஸ். தன்னைத் தூக்கிவிட்ட பெரும் பேச்சாளர் சிசரோவைக் கொலைப் பட்டியலுக்குக் கொடுத்த ஆக்டேவியன். "இத்தனை பேர் முதுகில் குத்திய பிறகு எந்தக் குடியரசு பிழைக்கும்?" என்று கேட்டார்.

அந்த நால்வர் செய்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சுல்லா ரோமுக்குள் தனியாகவா நுழைந்தான்?

கி.மு. 88. நோலா நகரத்துக்கு அருகே சுல்லாவின் கீழ் ஆறு லீஜியன்கள், அதாவது ஆறு பெரும் படைப்பிரிவுகள் நின்றன. கிழக்கே மித்ரிடாட்டஸ் மன்னனோடு போரிடும் தலைமைப் பொறுப்பு அவனுக்குக் கிடைத்திருந்தது. ரோமில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அதைப் பிடுங்கி அவனுடைய போட்டித் தளபதி மாரியஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுல்லா வீரர்களைக் கூட்டித் தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்னான். ரோமை நோக்கிப் போவோம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. வீரர்கள்தான் சொன்னார்கள். படையைத் தன்வசம் ஏற்க மாரியஸ் அனுப்பிய அதிகாரிகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

அப்போது சுல்லாவின் உயர் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் அவனை விட்டு ஓடிவிட்டார்கள். தாய்நாட்டின் மீது படை நடத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. நடுவர் அவர்களே, தலைவனைக் கைவிட்டு ஓடிய அவர்களுக்கு எதிரணி என்ன பெயர் வைக்கும்? துரோகிகள் என்றா? அன்று குடியரசின் பக்கம் நின்றவர்கள் அந்த ஓடிப்போனவர்கள்தான். சுல்லாவைக் கைவிடாமல் நின்றவர்கள்தான் ரோமின் தெருக்களில் தீப்பந்தங்களோடு புகுந்தார்கள்.

இந்த விசுவாசம் ஒரே நாளில் முளைத்ததல்ல. பழைய ரோமில் நிலம் உள்ளவன்தான் படைவீரன். போர் முடிந்ததும் தன் ஏருக்குத் திரும்பிவிடுவான். கி.மு. 107-இல் மாரியஸ், காணி நிலம்கூட இல்லாத ஏழைகளைப் படையில் சேர்த்தான். இவர்கள் போர் முடிந்து எங்கே திரும்புவார்கள்? நிலம் கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் ரோமின் ஆட்சி அவையான செனட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தளபதி போராடி வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன். சோறு போட்டவன் தளபதி. கடன் அவனுக்குத்தான்.

இங்கே எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். கி.மு. 133-இல் ஏழைகளுக்கு நிலம் பங்கிட முயன்ற டைபீரியஸ் கிராக்கஸை, செனட் உறுப்பினர்களே உடைந்த பெஞ்சுக் கால்களால் அடித்துக் கொன்று டைபர் நதியில் வீசினார்கள். அது துரோகம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் அந்தத் துரோகம் நடந்த பிறகும் குடியரசு நூறாண்டு நடந்தது. ஓய்வுபெறும் வீரர்களுக்கென்று அரசுக் கருவூலம் ஒன்றை ஒருவழியாக அமைத்தது யார் தெரியுமா? கி.பி. 6-இல் அகஸ்டஸ். பேரரசன் ஆன பிறகு ஆக்டேவியனுக்கு அதுதான் பெயர். அதற்குள் காக்க வேண்டிய குடியரசே இல்லை.

"இதெல்லாம் விசுவாசமா? கூலிக்கு மாரடித்தவர்கள்!" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். அப்படியானால் சீசரின் வீரர்களைப் பாருங்கள். கி.மு. 49 ஜனவரியில் அவன் ரூபிகானைத் தாண்டும்போது உடனிருந்தது ஒரே ஒரு லீஜியன். உள்நாட்டுப் போர் தொடங்கியதும், நூற்றுவர் தலைவன் ஒவ்வொருவனும் தன் சேமிப்பிலிருந்து ஒரு குதிரை வீரனுக்குச் செலவு செய்வதாக முன்வந்தான். ஊதியமும் வேண்டாம், உணவுப்படியும் வேண்டாம் என்றார்கள் படைவீரர்கள். வசதி உள்ளவன் இல்லாதவனைப் பார்த்துக்கொண்டான். எதிரியிடம் சிக்கியவர்களில் பலர், சீசருக்கு எதிராக வாளெடுத்தால் உயிர்ப்பிச்சை என்று சொல்லியும் மறுத்து மாண்டார்கள். கூலிக்காரன் இப்படிச் சாவானா? அவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. அவர்கள் உயிர் கொடுத்துத் தகர்த்தது தங்கள் சொந்தக் குடியரசை என்பதை நினைத்தால் அந்தக் கை நடுங்குகிறது.

அந்த அணியிலும் ஒருவன் சீசரை விட்டுப் போனான். லேபியனஸ். கௌல் நாட்டுப் போர்களில் சீசரின் வலக்கை. ரூபிகானுக்குப் பிறகு அவன், சீசரை எதிர்த்து நின்ற தளபதி பாம்பேயஸின் பக்கம் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுச்சென்ற பணத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சீசர் பின்னாலேயே அனுப்பிவைத்தான். லேபியனஸ் கடைசிவரை போராடி, கி.மு. 45-இல் முண்டாவில் மடிந்தான். கும்பகருணனுக்கும் வீடணனுக்கும் எத்தனையோ மேடைகளில் வழக்கு நடத்திய தமிழர்கள் நாம். அண்ணனைப் பிரிந்தாலும் அறத்தைப் பிரியவில்லை என்று வீடணனுக்காக வாதாடியவர்கள் லேபியனஸுக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டாமா?

அடுத்து புரூட்டஸ். எதிரணியின் பெரிய துருப்புச் சீட்டு அவன்தான். கி.மு. 44, மார்ச் 15. பாம்பேயஸ் கட்டிய மன்றம், அவனுடைய சிலையின் அடியில், இருபத்து மூன்று குத்து. சதியில் அறுபது பேருக்கு மேல். அவர்களில் பலர் சீசரிடம் மன்னிப்பும் பதவியும் பெற்றவர்கள். சீசரின் உயிரைக் காப்போம் என்று செனட்டே சத்தியம் செய்திருந்தது. டெசிமஸ் புரூட்டஸ் என்ற இன்னொருவன், வர மனமில்லாமல் இருந்த சீசரை வீட்டுக்கே போய் அழைத்துவந்தான். சீசரின் உயிலில் அவன் பெயரும் இருந்தது. இதைவிடப் பெரிய துரோகம் எது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பை மறந்துவிடக் கூடாது. இந்தத் துரோகம் செய்யப்பட்டது குடியரசைச் சாய்க்கவா, நிமிர்த்தவா?

ரோமக் குடியரசின் கதை தொடங்குவதே ஒரு புரூட்டஸிடம்தான். மன்னனை விரட்டிக் குடியரசை நிறுவிய அந்த முதல் புரூட்டஸ், மீண்டும் முடியாட்சி வரச் சதி செய்த தன் சொந்த மகன்களுக்கே மரண தண்டனை விதித்து, கண்ணெதிரே அது நிறைவேறுவதைப் பார்த்து நின்றான் என்று ரோமர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைக் கொண்டாடும் நமக்கு அது அந்நியமான கதையல்ல. அந்த மண்ணில் குடியரசின் முதல் பாடமே இதுதான்: ரத்தத்தைவிடச் சட்டம் பெரிது. பின்னால் வந்த புரூட்டஸ் அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவன்.

அவனைத் தோற்கடித்தவர்கள் யார்? சீசரின் பழைய வீரர்கள். ஆக்டேவியன் என்ற பதினெட்டு வயது இளைஞன் வந்து, "நான் சீசரின் வளர்ப்பு மகன்" என்றான். ஒரு போரையும் நடத்திப் பார்க்காதவன். அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. தலைக்கு ஐந்நூறு டெனாரியஸ் வெள்ளிக்காசு கொடுத்தான் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் அந்தப் பெயரோடு வந்தது. கி.மு. 43-இல் அவனுக்குக் குடியரசின் உச்சப் பதவியான கான்சல் பதவி கேட்டு வீரர்கள் செனட்டுக்குப் போனார்கள். செனட் தயங்கியது. ஒரு நூற்றுவர் தலைவன் மேலாடையை விலக்கி வாளின் பிடியைக் காட்டினான். "நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும்" என்றான். தன் தலைவனுக்கு அவன் எவ்வளவு உண்மையாக இருந்தான் பாருங்கள்!

அந்த ஆண்டின் டிசம்பர் 7-ஆம் நாள் சிசரோவின் தலையும் கையும் வெட்டப்பட்டன. மன்றத்தில், அவர் நின்று பேசிய அதே மேடையில் அவற்றை வைத்தார்கள். இதைப் பற்றி மேலே பேச என்னால் முடியவில்லை.

கி.மு. 32-க்கு வருகிறேன். என் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சீசரின் பழைய தளபதி ஆண்டனியோடு இறுதிப் போருக்கு முன்பு ஆக்டேவியன் ஒரு காரியம் செய்தான். இத்தாலி முழுவதையும் தன் பெயரில் சத்தியம் செய்ய வைத்தான். "தானாகவே முன்வந்து செய்தார்கள்" என்று முதுமையில் அவனே எழுதிவைத்தான். அந்தக் கல்வெட்டு இன்றும் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது. போனோனியா என்ற ஊர் மக்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பரம்பரையாக ஆண்டனி குடும்பத்தைச் சார்ந்தவர்களாம். அந்த விலக்கைக் கவனியுங்கள். இந்தத் தலைவனுக்கு, இல்லாவிட்டால் அந்தத் தலைவனுக்கு. குடியரசுக்குச் சத்தியம் செய்யுங்கள் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

கி.மு. 31, செப்டம்பர் 2, ஆக்டியம். கடற்போரின் நடுவே, ஆண்டனியோடு சேர்ந்து நின்ற எகிப்து அரசி கிளியோபாத்ராவின் கப்பல்கள் விலக, ஆண்டனியும் அவள் பின்னால் போய்விட்டான். கரையில் அவனுடைய பத்தொன்பது லீஜியன்கள், தோல்வி காணாதவை. தளபதி ஓடிவிட்டான் என்பதையே அவர்கள் முதலில் நம்பவில்லை. வந்துவிடுவான், எங்கிருந்தாவது வந்துவிடுவான் என்று ஏழு நாள் காத்திருந்தார்கள். ஆக்டேவியன் அனுப்பிய தூதுகளைப் பொருட்படுத்தவில்லை. இரவோடு இரவாக அவர்களுடைய படைத்தலைவனும் ஓடிய பிறகுதான் சரணடைந்தார்கள். சரணடைந்து இன்னொரு தலைவனின் வீரர்கள் ஆனார்கள். அந்த ஏழு நாளில், இரண்டு தலைவர்களும் வேண்டாம், நாம் குடியரசின் படை என்று யாராவது சொன்னதாக ஒரு வரி நமக்குக் கிடைக்கவில்லை.

எதிரணியின் வாதப்படி, பேரரசு முழுமை பெற்ற நாளில் ஒரு துரோகியாவது நிற்க வேண்டும். கி.பி. 14-ஐப் பாருங்கள். அகஸ்டஸ் இறந்து அவன் வளர்ப்பு மகன் டைபீரியஸ் அவன் இடத்துக்கு வருகிறான். செனட்டில் யாரும் யாரையும் குத்தவில்லை. எந்த ஆற்றையும் எவனும் தாண்டவில்லை. புதிய தலைவனுக்குச் சத்தியம் செய்கிறார்கள். மெய்க்காவல் படைத்தலைவன் செய்கிறான், தானியப் பொறுப்பாளன் செய்கிறான், பிறகு செனட், படை, மக்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பாக, முதல் ஆட்களாகச் சத்தியம் செய்தவர்கள் அந்த ஆண்டின் இரண்டு கான்சல்கள். ஒரு காலத்தில் படைவீரர்கள் கான்சலின் முன்னால் நின்றுதான் சத்தியம் செய்வார்கள்.

அந்த இருவரில் ஒருவனின் பெயர் செக்ஸ்டஸ் பாம்பேயஸ். சீசரை எதிர்த்து மடிந்த பாம்பேயஸின் குலப்பெயர்.