அமாக்சிசிலின் டிரம்மைத் திறக்கிறதுக்கு முன்னாடி

[திரையில்: ஃபைபர் டிரம். மூடி திறக்குது. உள்ளே வாயை முறுக்கிக் கட்டின பாலிதீன் பை.]

இந்தப் பைக்குள்ள இருக்கிறது அமாக்சிசிலின் ட்ரைஹைட்ரேட். பார்க்க மைதா மாவு மாதிரி இருக்கும். 25 கிலோ டிரம். 500 மில்லிகிராம் கேப்சூல் போட்டா, பவுடரோட சேர்ந்திருக்கிற தண்ணி மூலக்கூறைக் கழிச்சுப் பார்த்தாலும், 43,000 கேப்சூலுக்கு மேல வரும்.

தொண்டை வலிக்கு ஒரு கேப்சூல் முழுங்குறவருக்கு இது மருந்து. தினமும் இந்தப் பையைத் திறந்து ஸ்கூப்பால அள்ளுறவருக்கு இது தூசி. இந்த வீடியோ அவருக்காக. மருந்துக் கம்பெனியில புதுசா சேர்ந்தவங்க, பார்மசி படிக்கிறவங்க, அவங்க வீட்டுல இருக்கிறவங்களும் பார்க்கலாம்.

[திரையில்: எஸ்டிஎஸ் தாள். ரெண்டாவது பகுதி பெரிசாகுது.]

ஒவ்வொரு மூலப்பொருளோடயும் எஸ்டிஎஸ்னு ஒரு பாதுகாப்புத் தாள் வரும். மொத்தம் 16 பகுதி. முதல்ல ரெண்டாவது பகுதியைப் பாருங்க. சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரத்துக்குள்ள ஒரு மனுஷ உருவம், நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி. பக்கத்துல எச்334, எச்317னு ரெண்டு குறியீடு இருக்கும். முதலாவது, மூச்சு வழியா உள்ள போனா அலர்ஜியோ ஆஸ்துமாவோ வரலாம்னு சொல்லுது. ரெண்டாவது தோல் அலர்ஜிக்கு.

மண்டை ஓட்டுப் படம் இருக்காது. அதனாலேயே பல பேர் "விஷம் இல்லையே, மாத்திரைதானே"ன்னு விட்டுடுறாங்க. விஷம் இல்லைங்கிறது உண்மைதான். ஆனா இங்க பிரச்சனையே வேற.

[திரையில்: நாலு மூலை வளையம், அனிமேஷன்.]

அமாக்சிசிலின், பென்சிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக். அந்தக் குடும்பத்து மருந்து எல்லாத்துக்கும் நடுவுல பீட்டா-லாக்டம்னு ஒரு வளையம் இருக்கு. நாலே நாலு அணு. வளைச்சுக் கட்டின மூங்கில் மாதிரி இழுவிசையோட நிக்கும், எப்ப அறுந்துக்கலாம்னு. பாக்டீரியாவுக்குள்ள போனா, செல் சுவர் கட்டுற என்சைம்ல மோதித் திறந்து ஒட்டிக்கும். சுவர் கட்ட முடியாம பாக்டீரியா சாகும். மருந்தோட மகிமையே அதுதான்.

அதே வளையம் நம்ம உடம்புப் புரதத்துல இருக்கிற லைசின்ங்கிற அமினோ அமிலத்துலயும் ஒட்டிக்கும். நம்ம புரதம்தான், ஆனா இப்ப வேஷம் மாறிப்போச்சு. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனா நினைச்சு ஐஜிஈங்கிற எதிர்ப்பொருளைத் தயார் பண்ணி வைக்கும். அந்தச் சமயத்துல தும்மல் கூட வராது. தயாரிப்பு மட்டும் நடக்கும். அப்புறம் என்னைக்கோ ஒரு நாள், அதே தூசி, அதே அளவு, சில சமயம் அதைவிடக் குறைவாவே போனாலும், மூக்கு ஒழுகி, கண் அரிச்சு, நெஞ்சுல விசில் கேட்கும்.

"ஆறு மாசமா இங்கதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ங்கிற பேச்சை எந்த பிளான்ட்லயும் கேட்கலாம். ஆறு மாசம் ஒண்ணும் ஆகாம இருந்ததுக்கு இந்தப் பவுடர் விஷயத்துல அர்த்தமே கிடையாது.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. 1974-ல லண்டன்ல ஜாக் பெப்பிஸ் குழுவினர் ஆன்டிபயாடிக் தொழிற்சாலை ஊழியர்களோட ஆஸ்துமாவை ஆராய்ஞ்சு எழுதினாங்க. அவங்க வேலை பார்த்தது ஆம்பிசிலின், பென்சைல் பென்சிலின், பென்சிலின் மருந்து செய்ய மூலப்பொருளான 6-ஏபிஏ மாதிரிப் பவுடர்கள்ல. மூச்சு இறுக்கம் பவுடர் பட்ட உடனே வரல, பல மணி நேரம் கழிச்சு வந்துச்சு. காலை ஷிஃப்ட்ல இழுத்த தூசிக்கு ராத்திரி இருமினா, யாரு அதையும் இதையும் முடிச்சுப் போடுவாங்க?

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, கேப்சூல் ஃபில்லிங்ல ஒரு அண்ணன் இருந்தார். ராத்திரி பத்து மணியானா இருமல். சளி மருந்து, கஷாயம்னு ஒண்ணு விடாம பார்த்துட்டார். ஒரு நாள் டீ குடிக்கிறப்போ கேட்டேன்: "ஏண்ணே, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தீங்களே, அங்கேயும் இருமல் இருந்துச்சா?" கொஞ்சம் யோசிச்சார். "இல்லப்பா. ஊர்த் தண்ணி ஒத்துக்குது போல"ன்னார். ஊர்த் தண்ணி ஒண்ணும் பண்ணல. ஒரு வாரம் பவுடர் இல்ல, அவ்வளவுதான். லீவுல குறைஞ்சு, வேலைக்குத் திரும்பினதும் மறுபடி வர்ற இருமலை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. என்ன வேலை பார்க்கிறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

[திரையில்: டிஸ்பென்சிங் பூத், அதாவது பவுடரை அள்ளி எடை போடுற இடம். கை, பையின் கட்டை அவிழ்க்குது.]

சரி, இப்ப பையைத் திறப்போம்.

பாதுகாப்புன்னதும் எல்லாரும் முதல்ல மாஸ்க்கைத் தேடுறாங்க. என்னைக் கேட்டா அது கடைசி. தூசியைக் கிளப்பாம இருக்கிறதுதான் முதல் வேலை. காத்து மேலேர்ந்து இறங்கி, கீழே இழுத்துக்குற பூத்துக்குள்ள வெச்சுத்தான் திறக்கணும். தலையைப் பைக்கு மேல கொண்டுபோகக் கூடாது. கட்டை மெதுவா அவிழ்த்து, பை வாயை மடிச்சு விடணும். ஸ்கூப்பை உயரத்துலேர்ந்து கொட்டாதீங்க. வாங்குற பைக்குள்ளேயே இறக்கிச் சாய்க்கணும். இது மெல்லிசான ஆர்கானிக் பவுடர். காத்துல மேகமா எழும்பி நிக்கிறப்போ ஒரு ஸ்டாட்டிக் பொறி பட்டாலும் தீப்பிடிக்கலாம். அதனால எர்த் கிளிப்பை மாட்டாம டிரம்மைத் தொடாதீங்க.

மாஸ்க்னா என்95 மாதிரி வடிகட்டுற வகை. நீலக் கலர் சர்ஜிக்கல் மாஸ்க் நம்ம எச்சிலைத் தடுக்கத்தான், பக்கவாட்டுல தூசி தாராளமா நுழையும். தாடி வெச்சா என்95-ஓட ஓரமும் முகத்துல ஒட்டாது. தாடி மேல ஆசைன்னா காத்து ஊதுற ஹூட் வகையைக் கேட்டு வாங்குங்க.

அறைச் சுவத்துல வட்டமா ஒரு கேஜ் இருக்கும். அந்த அறையோட காத்தழுத்தம் வெளி காரிடாரைவிடக் குறைவா இருக்கான்னு அது காட்டும். குறைவா இருந்தாத்தான் கதவைத் திறக்கும்போது காத்து உள்ள வரும், பவுடர் வெளிய போகாது. முள் சரியா இல்லைன்னா வேலையை ஆரம்பிக்காதீங்க, கியூஏவை, அதாவது தர உறுதிப் பிரிவைக் கூப்பிடுங்க.

இவ்வளவு கெடுபிடி தொழிலாளிக்காக மட்டும் இல்ல. பென்சிலின் அலர்ஜி உள்ள ஒருத்தர் பிரஷர் மாத்திரை சாப்பிடுறார்னு வைங்க. அதுல பென்சிலின் தூசி கலந்திருந்தா? அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதிப்படி பென்சிலின் தயாரிக்கிற இடம் தனியா இருக்கணும், அதோட காத்து அமைப்பும் தனியா இருக்கணும். வேற மருந்துல பென்சிலின் கலந்திருக்கலாம்னு நியாயமான சந்தேகம் வந்தா சோதிக்கணும், தென்பட்டா விற்கக் கூடாது. அதனாலதான் வெளியே வரும்போது குளிச்சு, உடை மாத்தச் சொல்றாங்க. யூனிஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் குழந்தை துணியோட சேர்த்துத் துவைக்கிற வேலையே வேண்டாம்.

கொட்டிடுச்சுன்னா? துடைப்பம் கூடாது. கம்ப்ரஸ்டு ஏர் வெச்சு ஊதவே கூடாது, அது அறை முழுக்க விருந்து வைக்கிற மாதிரி. ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம், அப்புறம் ஈரத்துணி. பிறகு காஸ்டிக் சோடா கரைசல் வெச்சு அந்த பீட்டா-லாக்டம் வளையத்தை உடைப்பாங்க. பாதுகாப்புக் கண்ணாடி போடாம காஸ்டிக்கைத் தொடாதீங்க. வளையம் உடைஞ்சா ஆன்டிபயாடிக் குணம் போயிடும். ஆனா உடைஞ்ச துண்டும் சிலருக்கு அலர்ஜி தரலாம். அதனால கழுவி எடுக்கிற வரைக்கும் கையுறையைக் கழட்டாதீங்க.

கண்ணுல பட்டா 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவணும். முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு வந்து, மூச்சுத் திணறி, தலை சுத்தினா அது அனாஃபிலாக்ஸிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. உடனே தொடைத் தசையில அட்ரினலின் ஊசி போடணும், பெரியவங்களுக்கு 0.5 மில்லிகிராம். செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை கொடுத்து "கொஞ்சம் பார்ப்போம்"னு உட்காரக் கூடாது. படுக்க வைங்க. மூச்சு விட முடியலைன்னா சாய்ச்சு உட்கார வைங்க. 108-க்கு போன் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில அட்ரினலின் இருக்கா, காலாவதி ஆகலையான்னு இன்னைக்கே போய்ப் பாருங்க.

கழுவின தண்ணி எங்க போகுது? ஒரு உதாரணம், ஹைதராபாத் பக்கத்துல பட்டான்செரு. சுமார் 90 மருந்துக் கம்பெனிக் கழிவு வந்து சேர்ற சுத்திகரிப்பு நிலையம். அங்க சுத்திகரிச்சு வெளியே விட்ட தண்ணியில லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸாசின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் இருந்ததா 2007-ல ஸ்வீடன் விஞ்ஞானி யோக்கிம் லார்ஸன் குழு எழுதுச்சு. அமாக்சிசிலின் சிப்ரோ மாதிரி நீடிச்சு நிக்காது, தண்ணியில சீக்கிரம் சிதையும். அதுக்காக நேரா டிரெய்ன்ல ஊத்தலாம்னு இல்ல. மருந்துக்கு அடங்காத கிருமி வளர்றதுக்கு கொஞ்ச நாள் போதும். ஆன்டிபயாடிக் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் கொண்டு வந்ததே 2024 செப்டம்பர்லதான்.

[திரையில்: மறுபடி அதே டிரம். பை காலி.]

கடைசியா இந்தக் காலிப் பை. வேலை முடிஞ்சுதுன்னு மாஸ்க்கைக் கீழே இறக்கிட்டு, பையை நெஞ்சோட அணைச்சு, காத்தை அமுக்கி வெளியேத்தி மடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்த பவுடர் எல்லாம் புஸ்ஸுன்னு நேரா முகத்துக்கு வரும். அமுக்காதீங்க. பூத்துக்குள்ள வெச்சே வாயை முறுக்கிக் கட்டி, கழிவுப் பைக்குள்ள போட்டு, அதையும் கட்டிட்டு, வெளிய வந்து, அப்புறம் மாஸ்க்கைக் கழட்டுங்க.