முதலில் வார்டு, அப்புறம் கோர்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். நர்சிங் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "சிஸ்டர், ஐசியூ கோர்ஸ் ஒன்று சேர்த்துப் படித்தால் வேலை சீக்கிரம் கிடைக்குமா? டயாலிசிஸ் படிக்கலாமா?" குரலிலேயே பதற்றம் தெரியும். கூடப் படித்தவர்களுக்கு வேலை கிடைத்திருக்கும், வீட்டில் கேள்வி ஆரம்பித்திருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

என் பதில்: முதலில் வார்டு, அப்புறம் கோர்ஸ். பொது வார்டில் ஒன்றிரண்டு வருடம் வேலை பாருங்கள். எந்தப் பிரிவு பிடித்துப்போகிறதோ, அதைப் படியுங்கள்.

புதிய செவிலியர்களைத் தேர்வு செய்யும் குழுவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "நேற்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி. காலை மாத்திரை கொடுக்கப் போகிறீர்கள். கூப்பிட்டால் 'ம்' என்கிறார், கண் திறக்கவில்லை. என்ன செய்வீர்கள்?"

ஒருமுறை ஒரு பெண் மூன்று சிறப்புப் பயிற்சிச் சான்றிதழ்களோடு வந்திருந்தார். கெட்டிக்காரப் பெண். வென்டிலேட்டரை எப்படிச் செட் செய்ய வேண்டும், என்னென்ன மருந்து தயாராக வைக்க வேண்டும் என்று மளமளவென்று சொன்னார். ஆனால் நோயாளியின் பக்கத்தில் அவர் போகவே இல்லை. அடுத்து வந்தவரிடம் பட்டமும் பதிவும் மட்டும்தான் இருந்தன. கொஞ்சம் யோசித்தார். "தோளைத் தட்டிக் கூப்பிடுவேன். உதவிக்கு ஆள் அழைப்பேன். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவேன். சர்க்கரை பார்ப்பேன். மாத்திரையை வாயில் கொடுக்க மாட்டேன்" என்றார். மூச்சு எண்ணுவதைச் சொன்னபோது அவருடைய வலது கை தானாகவே இடது மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போனது. அவரைத்தான் எடுத்தோம்.

மூச்சு எண்ணுவதைப் பற்றி எங்கே போனாலும் பேசுவேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஓய்வாக இருக்கும் வயது வந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். உடம்பு மோசமாகும்போது, ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பல நேரம் அந்த எண்ணிக்கை ஏறிவிடும். அப்படியிருந்தும் எண்ணாமலே 18, 20 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கிற பழக்கத்தை எந்தக் கோர்ஸும் கொடுக்காது. அது வார்டில்தான் வரும்.

இந்தச் சிறப்புப் பிரிவுகளே வார்டில் பிறந்தவைதான். 1960களில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனி வார்டுகள் வந்தபோது, இசிஜி பார்க்கவும் இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கவும் செவிலியர்களுக்கு வேலையில் வைத்தே கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சிசிஆர்என் தேர்வை எழுத, 2 ஆண்டுகளில் 1,750 மணி நேரமோ 5 ஆண்டுகளில் 2,000 மணி நேரமோ அந்த நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும். பாருங்கள், அங்கேயும் முதலில் வேலை, அப்புறம் சான்றிதழ்.

அப்படியானால் எதையுமே முன்கூட்டிப் படிக்கக் கூடாதா? படிக்கலாம். உயிர்காப்பு முதலுதவியான பிஎல்எஸ் கட்டாயம் வேண்டும். முடிந்தால் அதற்கு அடுத்த படியான ஏசிஎல்எஸ், அதாவது மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி. இரண்டும் சில நாள் வேலைதான், ஆனால் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்புறம், புதியவர்களையே ஐசியூவுக்கு எடுத்து, அனுபவமுள்ள ஒருவரோடு சில மாதம் சேர்த்துவிட்டுப் பழக்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அப்படி ஓர் இடம் கிடைத்தால் தயங்காமல் போங்கள். அதுவும் வார்டு மாதிரிதான்.

குழந்தைகள் வார்டு பற்றியும் முதியோர் பராமரிப்பு பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அதை நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: நோயாளிகளோடு எத்தனை மணி நேரம்? பக்கத்தில் நின்று சொல்லித்தருவது யார்? நீங்கள் வேலைக்குப் போக நினைக்கும் மருத்துவமனையிலும் இந்தச் சான்றிதழை மதிக்கிறார்களா என்று விசாரியுங்கள். வீடியோ அனுப்புவோம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். நன்றி, வணக்கம்.