மீன் வாயிலிருந்து தப்பிக்கும் ஏரிப் புழுக்கள்

[காட்சி: அல்சூர் ஏரி, காலை நேரம். கரையோரத் தண்ணீர்.]

வணக்கம். சிவாஜிநகர் பக்கம் மீன் தொட்டிக் கடைக்குப் போனா, 'பிளட் வார்ம்'னு செக்கச்செவேல்னு ஒரு புழுவைத் தீனியா விப்பாங்க. அதே வகைப் புழு நம்ம பெங்களூர் ஏரிச் சேத்துலயும் வாழுது. பார்க்கக் கொசு மாதிரியே இருந்தாலும் கடிக்காத கைரோனமிட் பூச்சியோட குட்டிப் பருவம் அது. மீனுங்க இதை அவ்வளவு ஆசையா தின்னும். அப்புறம் எப்படிப் பிழைக்குது?

[காட்சி: வெள்ளைத் தட்டில் ஏரிச் சேறு, குளோசப்.]

எச்சில்ல வர்ற பட்டு இழையால சேத்தை ஒட்டிக் குழாய் கட்டிக்கிட்டு, அதுக்குள்ளயே இருந்துக்கும். உடம்பை நெளிச்சு நெளிச்சுத் தண்ணியை உள்ள இழுக்கும். சேத்துல ஆக்சிஜன் ரொம்பக் கம்மி. அதைச் சமாளிக்கத்தான் இதுக்கு ஹீமோகுளோபின் இருக்கு. சிவப்பு நிறமே அதனாலதான். மீன் மூச்சுத் திணறுற இடத்துல இது நிம்மதியா இருக்கும்.

குடகு, சிக்மகளூர் போறீங்கன்னா, ஓடைக் கல்லை மெதுவா புரட்டிப் பாருங்க. மணலை ஒட்டவச்ச சின்னக் கூடு தெரியலாம். காடிஸ்னு ஒரு பூச்சியோட புழு, எதிரிகிட்டேர்ந்து தப்பிக்கக் கட்டினது. தண்ணிக்குள்ளயே, ஈரக் கல்லுமேலயே ஒட்டுற பட்டு அதுக்கு வாய்கிட்ட சுரக்குது. வால் நுனியில இருக்குற கொக்கியால கூட்டைப் பிடிச்சுக்கிட்டு, போற இடமெல்லாம் இழுத்துட்டுப் போகும். பார்த்துட்டுக் கல்லைப் பழையபடியே வச்சிடுங்க.

[காட்சி: தட்டான் குட்டி, தண்ணீருக்குள்.]

தட்டான் குட்டி ஆபத்துன்னா பின்பக்கமாத் தண்ணியைப் பீச்சி, அந்த வேகத்துல முன்னாடி பாயும். ஸ்வீடன் ஏரிகள்ல இன்னொண்ணையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்காங்க. மீன் இருக்குற ஏரியில வளர்ற ஒரு வகைத் தட்டான் குட்டிக்கு வயித்துப் பக்கம் முள்ளு நீளமா வளருது. மீன் அதை வாயில போட்டாலும் துப்பிடும். ஆனா பெரிய தட்டான் குட்டி வேட்டைக்கு வந்தா, அதே முள்ளு அதுக்குப் பிடிமானமாப் போயிடும். எந்த எதிரி பக்கத்துல இருக்குன்னு தண்ணியில கரைஞ்சு வர்ற வாசனையை வச்சே இந்தக் குட்டிங்க தெரிஞ்சுக்குதுங்கறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

[காட்சி: ஊசித்தட்டான் குட்டியின் வால், மிக அருகில்.]

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஊசித்தட்டான் குட்டி. வால் நுனியில மூணு மெல்லிய இலை மாதிரி இருக்குதே, நீந்துறது அதை வச்சுத்தான், மூச்சுக்கும் உதவுது. யாராவது அதைக் கவ்வினா, பல்லி வாலை விடுற மாதிரி கழட்டி விட்டுட்டு ஓடிடும். அடுத்தடுத்து தோல் உரிக்கிறப்போ திரும்ப முளைக்கும். அதுவரைக்கும் வேகம் குறைஞ்சுதான் போகும். அடுத்த எதிரிகிட்ட மாட்டுற ஆபத்தும் கூடும்.

அதனால அதுக்கு முதல் காப்பு ஒளிஞ்சிருக்கறதுதான். கரையோரக் கோரை, தண்ணிப் பாசி, செடித் தண்டு இதெல்லாம் வேணும். ஏரியை அழகுபடுத்துறோம்னு சுத்தியும் கல் பதிச்சு, ஓரத்துச் செடியை மொத்தமா வழிச்சு எடுத்தா, இது ஒளிய இடமே இருக்காது. கொசுப்புழுவைத் தின்னுறதும் இந்தக் குட்டிங்கதான். உங்க ஏரியா ஏரியில களை எடுக்கறப்போ, ஒரு பக்கத்துக் கோரையையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்க.