புசானில் ஒரு சனி, ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வேலைக்கும் தென்கொரியா போகிற தமிழர்கள் இப்போது நிறையப் பேர். சியோலில் இருப்பவர்களுக்கு ஒரு சனி, ஞாயிறு ஓய்வு கிடைத்தால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் புசான். கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் தெற்குக் கடலோரம் வந்துவிடலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ஹேயுண்டே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அழகான கடற்கரைதான், போகத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளைப் பழைய துறைமுகத்துக்கும் அதன் பின்னால் இருக்கிற மலைகளுக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே நடந்தால்தான் இந்த ஊர் எப்படி உருவானது என்பது புரியும்.

1950 ஜூன் 25-ஆம் தேதி கொரியப் போர் தொடங்கியது. மூன்றே நாளில் தலைநகர் சியோல் வட கொரியப் படையிடம் விழுந்தது. அரசாங்கம் படிப்படியாகத் தெற்கே நகர்ந்து கடைசியில் புசானுக்கு வந்து சேர, அது தற்காலிகத் தலைநகரம் ஆனது. அரசாங்கத்தின் பின்னாலேயே மக்களும் வந்தார்கள். போருக்கு முந்தைய ஆண்டு 5 லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் 1951-இல் 8 லட்சத்துக்கும் மேல்.

ஓடி வரும் வழியில் குடும்பங்கள் சிதறின. புசானில் ஊரறிந்த அடையாளம் ஒன்றுதான்: 1934-இல் கட்டிய யோங்டோ பாலம். கப்பல் வந்தால் ஒரு பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது. “பிரிந்துவிட்டால் யோங்டோ பாலத்துக்கு வந்துவிடு” என்று சொல்லிவிட்டுத்தான் பலர் ஊரைவிட்டே கிளம்பினார்களாம். பாலத்தடியில் காத்துக் காத்துச் சலித்தவர்களுக்காக அங்கே குறிசொல்கிறவர்கள் வரிசையாகக் கடை போட்டார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான் என்று கேட்க எத்தனை தாய்மார்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்! 1966-இல் பாலத்தைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். புதுப்பித்து 2013-இல் மறுபடி தொடங்கினார்கள். இப்போது சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தூக்குகிறார்கள், அதனால் வார இறுதியில் போகிறவர்களுக்கு வசதி. போகுமுன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே ஜகல்சி மீன் சந்தை. கீழ்த்தளத்தில் தொட்டியில் நீந்துகிற மீனைக் காட்டினால் போதும், மாடியில் சமைத்துக் கொடுப்பார்கள். விற்பவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய பெண்கள். ரப்பர் பூட்ஸும் ரப்பர் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, ஒரே வீச்சில் மீனின் தலையை எடுப்பார்கள். போர்க்காலத்தில் கையில் வேறு எதுவும் இல்லாத பெண்கள் கூடையில் மீனை வைத்து விற்று வளர்த்த சந்தை இது. கானாங்கெளுத்தியை உப்புப் போட்டுச் சுட்டுத் தருவார்கள். அதைச் சாப்பிடாமல் வராதீர்கள்.

அப்புறம் டோசோங் மெட்ரோ நிலையத்தில் சிறிய ஊர்ப் பேருந்து ஏறுங்கள். மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும். கம்ச்சோன் என்ற மலைக் குடியிருப்புக்கு முன்னால் வரும் ஆமிடோங் பகுதியில் இறங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருந்த இடம் அது. தங்க இடமில்லாமல் வந்தவர்கள் கல்லறைகளின் மேலேயே குடிசை போட்டார்கள். கல்லறைக் கற்கள்தான் அஸ்திவாரம், படிக்கட்டு, மதில் எல்லாம். இன்றைக்கும் ஒரு வீட்டுச் சுவரின் அடியில் உற்றுப் பார்த்தால் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரைச் செதுக்கிய எழுத்துகள் தெரியும். அந்தச் சுவருக்கு மேலே துணி காய்கிறது. புசானில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான்.

கம்ச்சோன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மலை முழுக்க வண்ண வீடுகள். 2009-இல் கலைத்திட்டம் வந்த பிறகுதான் இந்தப் புகழ். வண்ணத்தைவிட நான் வியப்பது அந்த வீடுகளின் அமைப்பை. எந்த வீடும் பின்னால் இருக்கிற வீட்டின் பார்வையை மறைக்காதபடி படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் அண்டை வீட்டாருக்கு வெளிச்சம் விட்டவர்கள்! இன்னும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், சந்துகளில் சத்தம் போடாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மில்மியோன் என்ற குளிர்ந்த கோதுமை நூடுல்ஸ். வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் குளிர்ந்த நூடுல்ஸ் பழக்கம். இங்கே அந்த மாவு கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவுதான் கிடைத்தது. அதில் செய்துபார்த்ததுதான் இன்று புசானின் சொந்த உணவாகிவிட்டது. ஐஸ் மிதக்கும் சாறு, மேலே காரமான விழுது. சாறு இறைச்சியில் காய்ச்சுவது, சைவர்கள் கவனிக்கவும்.

ஞாயிறு காலை இரண்டாம் தடம் மெட்ரோவில் டேயோன் போய், அங்கிருந்து ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். 1951-இல் அமைத்தது. கொரியப் போரில் ஐ.நா. படையில் இருந்த சுமார் 2,300 வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அதிகம் பேர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள், அடுத்து துருக்கியர்கள். உள்ளே ஒரு சிறு நீரோடைக்கு 17 வயதில் இறந்த ஆஸ்திரேலியப் பையன் டான்ட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் போரில் நம் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அவர்கள் வந்து இறங்கிய துறைமுகம் இதே புசான்தான். தலைமை தாங்கியவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்ற மருத்துவர். 1951 மார்ச்சில் சியோலுக்கு வடக்கே முன்சான் பக்கம் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து, களத்திலேயே காயம்பட்டவர்களுக்கு சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா என்ற உயரிய வீர விருது கிடைத்தது. நம் பள்ளிப் பாடத்தில் இவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே இரண்டாம் தடத்தில்தான் குவாங்கல்லி, ஹேயுண்டே கடற்கரைகள் இருக்கின்றன. மாலை வரை கடலில் காலை நனைத்துக்கொண்டு இருங்கள். திரும்பும் ரயிலுக்கு ஹேயுண்டேயிலிருந்து சோமியோன் நிலையத்தில் மெட்ரோ மாறி புசான் ரயில் நிலையத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். ஞாயிறு மாலை ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.